புது நாடகத்தை அரசியல் அரங்கக் குழுவிடம் கொண்டுபோவது: முழுப் பிரதியா, சுருக்கமா, வாசிப்பா, கூட்டு உருவாக்கமா?

நாடகம் எழுதி முடித்தவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். "குழுவின் அரசியலும் என் அரசியலும் ஒன்றுதான். முழுப் பிரதியை அனுப்பிவிடவா? ஒரு பக்கச் சுருக்கம் போதுமா? வாசிப்புக்கு ஏற்பாடு செய்யச் சொல்லலாமா? இல்லை, அவர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து எழுதலாமா?"

இந்தக் கேள்வியின் முதல் வரியிலேயே கணக்கு பிசகுகிறது. அரசியல் அரங்கக் குழுவுக்கு வரும் பிரதிகளில் பெரும்பாலானவை அந்தக் குழுவின் கருத்தோடு ஒத்துப்போகிறவைதான். எதிர்க்கருத்து உள்ளவர் அங்கே ஏன் அனுப்பப் போகிறார்? ஆகவே கொள்கை ஒற்றுமையை வைத்துப் பிரதிகளைச் சலிக்க முடியாது. குழு பார்ப்பது வேறு இரண்டை. நம்மிடம் இருக்கும் ஆட்களை வைத்து, நாம் போகும் இடங்களில் இதை ஆட முடியுமா? ஏற்கெனவே நம்மோடு உடன்படுகிறவரைத் தாண்டி, கைகட்டி நின்று வேடிக்கை பார்ப்பவரையும் இது பிடித்து நிறுத்துமா? எந்த வழியில் அணுகுவது என்பதையும் இந்த இரண்டு கேள்விக்கும் உங்கள் பிரதி இன்று எந்த நிலையில் பதில் சொல்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

பிரதியின் பக்குவம். நாலு பேரைக் கூட்டி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் எந்தக் காட்சியைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்தால் பிரதி இன்னும் பழுக்கவில்லை. எதுவும் தோன்றவில்லை, ஆனாலும் ஏதோ உதைக்கிறது என்றால் அது வேறு நிலை. அதற்கு வேறு வழி.

காலாவதி. அரசியல் நாடகத்துக்கு மட்டுமே உள்ள தொல்லை இது. ஒரு சட்ட முன்வரைவை எதிர்த்து எழுதிய நாடகம், சட்டம் நிறைவேறிய மறுநாள் வேறு நாடகம் ஆகிவிடும். உங்கள் பிரதியில் ஒரு வருடத்தில் செத்துப்போகும் வசனங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

பேனா யார் கையில். ஒத்திகையில் ஒரு காட்சியை வெட்டச் சொன்னால் வெட்டுவீர்களா? முடிவையே மாற்றச் சொன்னால்?

உரிமையும் பெயரும், கிடைக்கும் பதில், ஆகும் செலவு. இந்த மூன்றும் வழிக்கு வழி பெரிதும் மாறுபடும். அந்தந்த இடத்தில் பார்ப்போம்.

## முழுப் பிரதியை அனுப்புவது

குழு வெளிப்படையாகப் பிரதிகளுக்கு அழைப்பு விடுக்கும்போது எடுக்க வேண்டிய வழி. அழைப்பு இல்லாத காலத்தில் அனுப்பினால் பெரும்பாலும் திறக்கப்படாமலே கிடக்கும்.

இதன் பெரிய பலம், நாடகம் தனக்காகத் தானே பேசும் என்பது. கடிதத்தில் வாதாட வேண்டியதில்லை. பெரிய பலவீனம், பல குழுக்கள் ஒரு நாடகத்தை ஒருமுறைக்கு மேல் படிப்பதில்லை. "கணிசமாகத் திருத்தியிருந்தால் மட்டும் மறுபடி அனுப்பலாம்" என்று அழைப்பிலேயே போட்டுவிடுவார்கள். அரைவேக்காட்டுப் பிரதியை அவசரத்தில் அனுப்பினால் அந்த ஒரு வாய்ப்பும் தீர்ந்தது. இந்த வழியின் கண்ணுக்குத் தெரியாத செலவுகளில் இதுதான் பெரியது. அச்சுக்கூலியும் தபால் செலவும் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

பிரதி விழுவது பெரும்பாலும் கருத்தில் அல்ல, கணக்கில். பயணம் போகும் குழுவில் ஐந்து முதல் ஏழு நடிகர்கள் இருந்தால் அதுவே பெரிது. பதினான்கு பாத்திரங்கள் உள்ள நாடகத்தை அவர்களிடம் கொடுக்கிறீர்கள் என்றால், அதை ஆறு பேரால் எப்படி ஆடலாம் என்பதை நீங்களே போட்டுக் காட்ட வேண்டும். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே காட்சி எண்கள், இடப்பக்கம் நடிகர் 1 முதல் நடிகர் 6 வரை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் காட்சியில் அந்த நடிகர் ஏற்கும் வேடம். ஒரே ஆள் காவலராக வெளியே போய் மூதாட்டியாக உள்ளே வர வேண்டுமானால், இடையில் குறைந்தது ஒரு பக்க வசனமாவது மற்றவர்கள் பேச வேண்டும். இல்லையென்றால் உடை மாற்ற நேரம் இருக்காது. இந்தக் கட்டத்தைப் போடும்போதுதான் இன்னொன்றும் தெரியவரும். இரண்டே வரி பேசிவிட்டுப் போகும் நாலு பாத்திரங்கள் நாடகத்துக்குத் தேவையே இல்லை.

அடுத்தது ஆடும் இடம். வீதியில் ஆடும் குழுவுக்கு வந்த பிரதியில் பதினோரு இடத்தில் "விளக்கு அணைகிறது" என்று மேடைக்குறிப்பு இருந்தால், மாலை ஐந்து மணி வெயிலில் எந்த விளக்கை அணைப்பது? மூன்று பக்கமும் ஆட்கள் சூழ்ந்து நிற்கும் இடத்தில் "கிசுகிசுப்பாக" என்ற குறிப்பும் செல்லாது. நீளமும் அப்படித்தான். டெல்லிக் குழுவான ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் ஆடத் தொடங்கிய 'மெஷின்' வீதி நாடகம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நின்றுகொண்டு பார்ப்பவருக்கு எழுதும் நாடகமும், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எழுதும் தொண்ணூறு நிமிட நாடகமும் ஒன்றல்ல. குழு எதை ஆடுகிறது என்று ஒரு நிகழ்வையாவது பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிறகு முழக்கம். படிப்பவர் முதல் பத்துப் பக்கத்திலேயே எடைபோட்டுவிடுவார். மலக்குழியில் இறங்கும் தொழிலாளி ஒருவர் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம்:

"இந்தச் சுரண்டல் அமைப்பு நம் உழைப்பை உறிஞ்சி நம்மையே குழிக்குள் தள்ளுகிறது!"

சொல்வது உண்மைதான். ஆனால் இது ஆசிரியர் பேசுவது. அதே ஆள் இப்படிப் பேசினால்:

"கையுறை வேணும்னு மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு. நாலாவது தடவைக்கு, பேனா கொண்டுவான்னாங்க."

அமைப்பு என்ற சொல்லே இல்லாமல் அமைப்பு மேடைக்கு வந்துவிட்டது. முதல் வகை வசனம் பக்கத்துக்கு ஒன்று இருந்தால் அரசியல் குழுதான் எல்லோருக்கும் முன்னால் சலித்துக்கொள்ளும். அதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டியவை:

- ஏ4 தாள், 12 பாயிண்ட் எழுத்து, எல்லாப் பக்கத்திலும் பக்க எண். பேசுபவர் பெயர் தடித்த எழுத்தில், வசனம் அதிலிருந்து தெளிவாகப் பிரிந்து.
- ஒருங்குறி எழுத்துரு மட்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கணினியில் திறந்தால் வெறும் குறிகளாகக் கொட்டும். ஒருங்குறிக்கு மாற்றி, பி.டி.எஃப். ஆக்கி, அதை வேறொருவர் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் அங்கேயே தெரியும்.
- பெயரில்லாத பிரதி கேட்டிருந்தால் முதல் பக்கத்தில் மட்டும் பெயரை எடுத்தால் போதாது. கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் உட்கார்ந்திருக்கும். கோப்பின் பெயரிலும் இருக்கும்.
- முதல் தாளில் பாத்திரப் பட்டியல், வேடப் பகிர்வுக் கட்டம், கடிகாரம் வைத்துப் படித்த நேரம், கட்டாயம் தேவைப்படும் அரங்கப் பொருள்கள்.
- சிறுகதையையோ நாவலையோ தழுவியது என்றால் மூல ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி. "தேர்வானால் வாங்கிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட அனுமதி, தேர்வான பிறகு மறுக்கப்பட்டால் குழுவின் ஒத்திகைக் காலமே வீணாகும். அதன்பின் உங்கள் அடுத்த பிரதியை அவர்கள் எப்படித் திறப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வழியில் பதில் மெதுவாக வரும். பெரும்பாலும் இரண்டு வரியில் வரும். திருத்தக் குறிப்பு எதிர்பார்த்து முழுப் பிரதியை அனுப்பாதீர்கள்.

## சுருக்கமும் மாதிரிப் பக்கங்களும்

ஒரு பக்கக் கடிதம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், தொடர்ச்சியான பத்துப் பக்க வசனம். அழைப்பு இல்லாத காலத்திலும் குழுவின் கதவைத் தட்ட இது ஏற்ற வழி. நாடகம் சூடாக இருக்கும்போதே பதில் வேண்டும் என்றாலும் இதுதான் விரைவு. பத்துப் பக்கத்தை ஒரு தேநீர் நேரத்தில் படித்துவிடலாம். எண்பது பக்கத்துக்கு ஒரு மாலை வேண்டும்.

கதைச்சுருக்கத்தில் பலர் முடிவை ஒளித்துவைக்கிறார்கள். "அவள் என்ன முடிவெடுத்தாள் என்பதே நாடகம்" என்று முடிப்பது சுவரொட்டிக்குச் சரி. குழுவுக்கு முடிவுதான் முதலில் வேண்டும். அரசியல் நாடகத்தின் நிலைப்பாடு அதன் முடிவில்தானே இருக்கிறது?

"உலகமயத்தின் கோரமுகத்தைத் தோலுரிக்கும் நாடகம்" என்று ஒரு சுருக்கம் தொடங்குகிறது. இதில் ஆள் இல்லை, இடம் இல்லை, மோதல் இல்லை. இன்னொன்று: "ஆலை மூடப்படும் கடைசி இரவு. இயந்திரங்களைப் பிரித்து லாரியில் ஏற்ற அதே ஆலைத் தொழிலாளர்களையே தினக்கூலிக்கு அழைக்கிறார்கள். நாலு பேரில் மூவர் ஒப்புக்கொள்கிறார்கள்." இரண்டாவதைப் படித்தவருக்கு மறுத்த நாலாவது ஆள் யார் என்று தெரிந்துகொள்ளத் தோன்றும். முழுப் பிரதியைக் கேட்டு அஞ்சல் வரும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான். அஞ்சல் வந்தால் ஒரு வாரத்துக்குள் முழுப் பிரதி போக வேண்டும். பத்துப் பக்கத்தை மட்டும் செதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று அனுப்பியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில். ஆறு மாதம் கழித்து நீங்கள் அனுப்பும்போது குழு அடுத்த பருவத்தின் நாடகங்களை முடிவு செய்திருக்கும்.

"கருவைத் திருடிவிட்டால்?" என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் படைப்புரிமை கிடைக்கப் பதிவு கட்டாயமில்லை. எழுதியதுமே உரிமை உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு எழுதிய வடிவத்துக்குத்தான், கருத்துக்கு அல்ல. ஆலை மூடல் பற்றி யார் வேண்டுமானாலும் நாடகம் எழுதலாம். ஆகவே கருவை மட்டும் பத்துக் குழுக்களிடம் வாய்வழியாகச் சொல்லித் திரிவதைவிட, வசனமாக எழுதிய பத்துப் பக்கத்தை அஞ்சலில் அனுப்புவது பாதுகாப்பானது. தேதியும் பதிவாகிவிடும்.

## வாசிப்பு அரங்கு

நடிகர்கள் கையில் பிரதியோடு நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ ஒத்திகை. உடை இல்லை, அரங்கப் பொருள் இல்லை. மேடைக்குறிப்பை ஒருவர் தனியாகப் படிப்பார். லண்டன் ராயல் கோர்ட் அரங்கு 1957இலிருந்து ஞாயிறு இரவுகளில் அரங்க அமைப்பு ஏதும் இல்லாமல் புது நாடகங்களை ஆடிப் பார்த்தது இதற்கு நெருங்கிய உறவு. முழுச் செலவு செய்யாமல் நாடகத்தைச் சோதிப்பதுதான் இரண்டுக்கும் நோக்கம்.

"ஏதோ உதைக்கிறது, என்னவென்று தெரியவில்லை" என்ற நிலையில் உள்ள பிரதிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். வாசிப்பின்போது பிரதியைப் பார்க்காதீர்கள், பார்வையாளர்களைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் கைப்பேசி வெளியே வந்தது, எந்த வரியில் ஒருவர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார் என்று பக்க எண்ணோடு குறியுங்கள். முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "அருமை" என்பார்கள். "முதலாளி பக்க நியாயம் எது என்று சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். யாராலும் சொல்ல முடியவில்லை என்றால் உங்கள் எதிர்ப்பாத்திரம் அட்டைப் பொம்மை.

இதன் குழி, வந்து உட்காரும் ஆட்கள். அரசியல் குழுவின் வாசிப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் தோழர்கள். அவர்கள் கைதட்டுவது நாடகத்துக்கா, கருத்துக்கா என்று பிரித்தறிவது கடினம். நாடகம் யாரைப் பற்றியதோ அந்தத் தொழிலாளர் நாலு பேரை முன்வரிசையில் உட்காரவைக்க முடியுமா என்று குழுவிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சிரிக்கும் இடம் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது.

இன்னொரு செலவு, வாசிப்பிலேயே நாடகம் தேங்கிவிடுவது. மூன்று குழுக்கள் வாசித்துவிட்டு மூன்றுமே ஆடாமல் விட்ட நாடகங்கள் உண்டு. வாசிப்பு மலிவு, அரங்கேற்றம் அப்படியல்ல. எனவே ஒப்புக்கொள்ளும் முன்பே நாலு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். வாசிப்புக்குப் பின் எத்தனை நாளில் ஆடுவது பற்றி முடிவு சொல்வார்கள்? அதுவரை வேறு குழுவுக்குக் கொடுக்கக் கூடாதா? காணொளி எடுத்தால் அது எங்கே போகும்? நடிகர்களின் வழிச்செலவு யாருடையது? 'முதல் அரங்கேற்றம்' காணாத நாடகங்களை மட்டுமே ஏற்கும் போட்டிகளும் உண்டு. கட்டணம் வாங்கிய பொது வாசிப்பைச் சில போட்டிகள் அரங்கேற்றமாகக் கணக்கு வைக்கும். விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

## குழுவோடு சேர்ந்து உருவாக்குவது

பிரதி இல்லை, அல்லது உதிரிக் காட்சிகள்தான் இருக்கின்றன. குழுவோடு உட்கார்ந்து, ஆட்களைச் சந்தித்து, நடித்துப் பார்த்து எழுதுவது. அரசியல் அரங்கின் பெரிய சாதனைகள் சில இந்த வழியில் வந்தவை. இங்கிலாந்தில் 1974இல் தொடங்கிய ஜாயின்ட் ஸ்டாக் குழு இதற்கு ஒரு முறையே வகுத்தது. முதலில் நடிகர்களும் எழுத்தாளரும் சேர்ந்து பயிலரங்கு நடத்துவார்கள். பிறகு எழுத்தாளர் தனியே போய் எழுதுவார். அதன் பின்தான் ஒத்திகை. நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலின் 'கிளவுட் நைன்' 1979இல் இப்படித்தான் வந்தது. ஆராய்ச்சி எல்லோருடையது, நாடகம் எழுதியவர் பெயரில். இந்த வழியை நாடுபவர்கள் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் அந்தத் தனிமைக் காலத்தைத்தான். அது இல்லாத கூட்டு உருவாக்கத்தில் எழுத்தாளர் குறிப்பெடுப்பவராகச் சுருங்கிவிடுவார்.

செலவும் இங்கேதான் அதிகம். பல மாதங்கள் போகும், வேறு வேலை செய்ய முடியாது. பெயர்ச் சிக்கல் அதைவிடப் பெரிது. ஒத்திகையில் ஒரு நடிகர் தானாகப் பேசிய வரி நாடகத்தின் உச்சமாக அமைந்துவிடுகிறது. அது யாருடையது? கூட்டுப் படைப்பு என்று எழுதிவிட்டால், உரிமைக் காலமே கடைசியாக இறக்கும் கூட்டாசிரியரின் மரணத்திலிருந்துதான் கணக்கிடப்படும். நாளை இன்னொரு குழு ஆடக் கேட்டால் எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருக்கும். ஆறு வருடத்தில் அவர்களில் இருவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் இருப்பார்கள். இது அரங்கில் புதிதல்ல.

ஆகவே முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். சுவரொட்டியில் பெயர் எப்படி வரும், அச்சிடும் உரிமை யாருக்கு, குழு எத்தனை ஆண்டு தனியுரிமையோடு ஆடலாம், பிற குழு ஆடினால் வரும் தொகை எந்த விகிதத்தில் பிரியும், பாதியில் விலகினால் அதுவரை எழுதியது யாருக்கு. "தோழர்களுக்குள் எதற்கு ஒப்பந்தம்" என்பார்கள். தோழர்களாகவே நீடிக்கத்தான்.

உண்மையான மனிதர்களின் வாக்குமூலத்தை எடுத்து ஆடுவதானால் இன்னும் ஒரு படி. பேசியவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பெயரும் ஊரும் மாற்றப்படுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பிரதியின் ஓரத்தில் எந்த வரி எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று குறித்துவைத்த தனிப் பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அவதூறு அறிவிப்பு வரும் நாளில் அந்த ஓரக் குறிப்புதான் கைகொடுக்கும். இது முழுப் பிரதி அனுப்புகிறவருக்கும் பொருந்தும். பொதுவாழ்வில் உள்ளவரைப் பெயர் சொல்லித் தாக்கும் காட்சிக்கு ஆதாரம் கேட்காத குழுவை நம்பாதீர்கள்.

பார்வையாளரே எழுந்து வந்து முடிவை மாற்றும் வகை அரங்கை, பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வழியில், செய்யும் குழுவிடம் போகிறீர்கள் என்றால் எழுதி முடித்த நாடகம் அங்கே வேண்டாத சுமை. அவர்களுக்குத் தேவை தீர்வில்லாமல் நிற்கும் ஒரே ஒரு சிக்கல், அதிலும் ஒடுக்கப்படுபவர் வேறு விதமாக நடந்திருக்கக்கூடிய மூன்று நாலு தருணங்கள்.

## போட்டிகள்

அரசியல் நாடகத்துக்கு இது பெரும்பாலும் சுற்றுவழி. நடுவர்கள் குழுவை நடத்துபவர்கள் அல்ல. பரிசு கிடைத்தாலும் ஆடுவார்கள் என்ற உறுதி இல்லை. பரிசோடு அரங்கேற்றமும் உண்டு என்று எழுத்தில் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். "அனுப்பப்படும் பிரதிகளின் உரிமை அமைப்பாளரைச் சேரும்" என்ற வரி இருந்தால் பரிசு எவ்வளவாக இருந்தாலும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | முழுப் பிரதி | சுருக்கம், மாதிரி | வாசிப்பு | கூட்டு உருவாக்கம் |
|---|---|---|---|---|
| பிரதி இருக்க வேண்டிய நிலை | முற்றிலும் பழுத்தது | பழுத்தது, ஆனால் அழைப்பு இல்லை | முழுமை, ஆனால் ஐயம் உண்டு | கருவும் சில காட்சிகளும் |
| பதிலின் வேகம் | மெதுவு | விரைவு | நாள் குறித்தால் அன்றே | தொடர்ந்து |
| திருத்தக் குறிப்பு | அரிது | அரிது | நிறைய | அளவுக்கு மீறி |
| பேனா | உங்களிடம் | உங்களிடம் | உங்களிடம் | பங்கு போட்டு |
| ஒளிந்திருக்கும் செலவு | ஒரே வாய்ப்பு | முழுப் பிரதி தயாராக இல்லாதது | வாசிப்பிலேயே தேங்குவது | மாதங்கள், பெயர்ச் சிக்கல் |

## யாருக்கு எது

இரண்டு வழியை இணைக்கலாம். சுருக்கத்தை அனுப்பி, குழு ஆர்வம் காட்டினால் வாசிப்பைக் கேட்பது நல்ல வரிசை. முழுப் பிரதியை அனுப்பி மறுக்கப்பட்ட பிறகு அதையே கூட்டாக உருவாக்கலாமா என்று கேட்பது கெட்ட வரிசை. மறுத்த நாடகத்துக்குள் அவர்கள் மாதக்கணக்கில் உட்கார மாட்டார்கள்.

முதல் நாடகம் எழுதியவர், உரக்கப் படித்துப் பார்த்தவர், அடுத்த அழைப்பு அருகில் உள்ளவர் முழுப் பிரதியையே அனுப்பலாம். செய்தி ஆறும் முன் ஆட வேண்டிய இருபது நிமிட வீதி நாடகம் என்றால் சுருக்கத்தைக்கூட விட்டுவிட்டு, பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களுடைய ஒத்திகை முடியும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அவ்வளவு சிறிய நாடகத்தை அங்கேயே படித்துக் காட்டிவிடலாம். உங்களுக்குத் தெரியாத ஒரு வாழ்க்கையைப் பற்றி எழுத ஆசைப்படுகிறீர்கள், அந்த மக்களோடு குழுவுக்குத்தான் தொடர்பு இருக்கிறது என்றால் கூட்டு உருவாக்கம் மட்டுமே நேர்மையான வழி. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற விடமாட்டேன் என்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒரே நேரத்தில் பல குழுக்களுக்கு அனுப்பலாமா என்றால், அழைப்பில் தடை இல்லாதவரை அனுப்பலாம், ஆனால் கடிதத்தில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிட வேண்டும். குழு, அனுப்பிய தேதி, எந்தத் திருத்தப் பதிப்பு, பதில் வர வேண்டிய நாள் என நாலு கட்டத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நாள் கடந்து இரண்டு வாரம் ஆனால் ஒரு அஞ்சல் போதும், தொலைபேசி வேண்டாம். ஒரு குழு ஏற்றுக்கொண்டால் மற்றவர்களுக்கு அன்றே தெரிவியுங்கள். மூன்றாவது குழுவில் யாரோ ஒருவர் அந்த வாரம்தான் உங்கள் ஐம்பதாவது பக்கத்தில் இருப்பார்.